கோயில் கணக்கும் ஓட்டுக் கணக்கும்: பெருமாட்டி எல்லையிலிருந்து ஒரு விளக்கம்

கேரளத்தில் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் போதும், டீக்கடை பெஞ்சில் ஒரு கணக்குப் புத்தகம் திறக்கப்படும். "கிறிஸ்தவ ஓட்டு இந்தப் பக்கம், முஸ்லிம் ஓட்டு அந்தப் பக்கம், இந்து ஓட்டு ரெண்டாப் பிரியும்" என்று ஆளாளுக்குச் சொல்லுவார்கள். பேச்சு முடிவதற்குள் "தமிழ் ஓட்டு" என்று நம்மையும் ஒரு மூட்டையாகக் கட்டி ஓரத்தில் வைத்துவிடுவார்கள். சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள் வழக்கம்போல இலக்கியம் எதிர்பார்த்தார்கள். நான் இந்த மூட்டைக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். காரணம் உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களையும் அவர்களுடைய சங்கங்களையும் தேடி இன்று கட்சிக்காரர்கள் வருகிறார்கள். "உங்க ஆளுங்க ஓட்டு எத்தனை?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னால், அந்தக் கேள்வியே சரிதானா என்று பார்க்க வேண்டாமா?

என்னைப் பற்றி இரண்டு வரி. பூர்வீகம் வந்தவாசி வட்டாரம். தமிழ்ச் சமணக் குடும்பம். பாலக்காடு மாவட்டத்தில் பெருமாட்டி ஊராட்சியை ஒட்டி, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், புண்ணாக்கும் தவிடும் பருத்திக்கொட்டையும் விற்றுப் பிழைப்பவன். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. மக்கள்தொகைக் கணக்கும் தேர்தல் முடிவுப் பட்டியலும் படிப்பது எனக்குப் பழகிப்போன பழக்கம். வியாபாரிக்கு எண்களைக் கண்டால் சரிபார்க்காமல் இருக்க முடியாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

முதலில் ஒரு அடிப்படை. ஓட்டு ரகசியம். யார் யாருக்குப் போட்டார் என்று எந்த அரசு ஆவணத்திலும் கிடையாது. தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20 என்ற பட்டியலில் வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்பது இருக்கும். மக்கள்தொகைக் கணக்கில் எந்த மதத்தார் எத்தனை பேர் என்பது இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு "இவங்க ஓட்டு அவருக்குத்தான் விழுந்தது" என்று முடிவு கட்டுகிறார்கள். இங்கேதான் கணக்கு பிசகுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு சாவடியில் 1,000 பேர் ஓட்டுப் போட்டார்கள். அதில் 600 பேர் ஒரு மதம், 400 பேர் இன்னொரு மதம். ஒரு கட்சிக்கு 600 ஓட்டு விழுந்தது. பார்த்தவுடனே என்ன சொல்லுவோம்? "அந்த 600 பேரும் அப்படியே போட்டுட்டாங்க." ஆனால் 400 பேர் முழுவதும் அந்தக் கட்சிக்கே போட்டிருந்து, 600 பேரில் 200 பேர் மட்டும் போட்டிருந்தாலும் கூட்டுத்தொகை 600தான். ஆக, அந்த எண்ணிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, பெரிய கூட்டத்தில் குறைந்தது 200 பேர் போட்டார்கள் என்பது மட்டும். மீதி 400 ஓட்டு யாருடையது என்பது ஊகம். எடை போடாமல் மூட்டையைப் பார்த்து விலை சொல்வது மாதிரி.

தேர்தல் முடிந்த பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் ஆய்வுகள் இருக்கின்றன. தில்லியில் உள்ள சி.எஸ்.டி.எஸ். நிறுவனத்தின் லோக்நீதி அமைப்பு பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. கேரளத்தைப் பொறுத்தவரை முஸ்லிம்களிலும் கிறிஸ்தவர்களிலும் பெரும்பகுதி காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி பக்கம், ஈழவர்களில் பெரும்பகுதி இடதுசாரி முன்னணி பக்கம் என்ற பொதுப்போக்கு அவற்றில் தெரிந்துவந்திருக்கிறது. ஆகவே மதத்துக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சம்பந்தம் இருக்கிறது. அது எந்த வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி.

நிலையாக இருப்பதும் மாறிக்கொண்டே இருப்பதும்

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தில் இந்துக்கள் 54.73 விழுக்காடு, முஸ்லிம்கள் 26.56, கிறிஸ்தவர்கள் 18.38. இந்த எண்கள் பத்து வருஷத்தில் ஒன்றிரண்டு புள்ளிதான் நகரும். இப்போது சட்டமன்ற முடிவுகளைப் பாருங்கள். மொத்தம் 140 இடம். 2001இல் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 99. 2006இல் இடதுசாரி முன்னணிக்கு 98. 2011இல் ஐக்கிய முன்னணிக்கு 72, இடதுசாரிகளுக்கு 68. 2016இல் இடதுசாரிகளுக்கு 91, 2021இல் 99.

மதக் கணக்கு அப்படியே இருக்கிறது. ஆட்சி தலைகீழாக மாறுகிறது. அசையாத ஒன்றை வைத்து அசைகிற ஒன்றை முழுசாக விளக்க முடியாது. 2011இல் இரண்டு முன்னணிக்கும் இடையே ஓட்டு வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு கட்சிக்கு அடியில் கிடக்கும் நிலையான சரக்கு எவ்வளவு என்பதில் மதத்துக்குப் பங்கு இருக்கலாம். மேலே வந்து தராசைச் சாய்க்கிற அந்தக் கடைசிப் பிடி, விலைவாசி, வேலை, தண்ணீர், ஆள் பிடித்திருக்கிறதா இல்லையா என்பவற்றிலிருந்து வருகிறது.

எங்கள் சித்தூர் தொகுதியே நல்ல உதாரணம். 1996 முதல் 2011 வரை நான்கு தேர்தலிலும் காங்கிரஸின் கே. அச்சுதன் வென்றார். 2016இல் ஜனதா தளத்தின் கே. கிருஷ்ணன்குட்டி 7,000க்குச் சற்று மேற்பட்ட ஓட்டில் வென்றார். 2021இல் அந்த வித்தியாசம் 33,000ஐத் தாண்டியது. இடையில் எந்தக் கோயிலும் மசூதியாகவில்லை, எந்த மசூதியும் சர்ச்சாகவில்லை. அதே ஜனம்தான்.

பெருமாட்டியில் தண்ணீர்தான் கட்சி

பெருமாட்டியை வெளியூர் அன்பர்கள் பலருக்குப் பிளாச்சிமடை என்ற பெயரால் தெரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், கேரளம் என்றாலும் கேரளத்து மழை முழுசாக எட்டாத மண். தென்னை, நெல், கடலை, பால்மாடு, கள்ளு இவைதான் பிழைப்பு. சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசுகிற கவுண்டர்கள், ராவுத்தர்கள், மலையாளம் பேசுகிற ஈழவர்கள், எரவாளர், மலசர் என்ற பழங்குடிகள், சில கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் கலந்து இருக்கிறோம். மத வாரியாக ஓட்டுப் பிரிவதென்றால் இங்கே முஸ்லிம் லீக்குக்கோ கேரளா காங்கிரஸுக்கோ ஒரு இடம் கிடைத்திருக்க வேண்டும். சித்தூர் தொகுதியில் இவை ஒருமுறையும் வென்றதில்லை. சோஷலிஸ்ட், ஜனதா, காங்கிரஸ், கம்யூனிஸ்ட் என்றுதான் போட்டி.

ஏன்? இங்கே குடியானவனை அரசாங்கத்தோடு கட்டிப்போடுகிற கயிறு தண்ணீர். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் பற்றித் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி சித்தூர் ஆற்றில் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். மழை குறைந்த வருஷத்தில் இந்த 7.25 என்ற எண்ணைச் சுற்றித்தான் எங்கள் ஊர் அரசியல் நடக்கும். தாயத்து கட்டியவனும் தொப்பி போட்டவனும் சிலுவை போட்டவனும் ஒரே மதகுக்குக் கீழேதான் வயல் வைத்திருக்கிறார்கள்.

என் கடைக்குத் தவிடு வாங்க வரும் ராவுத்தர் ஒருவரிடம் ஒரு தேர்தல் சமயம், "பாய், இந்தத் தடவை யாருக்கு?" என்று கேட்டேன். "மொதலாளி, ஆழியாத்துல தண்ணி எத்தனை அடி கெடக்குதுன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறம் நான் சொல்றேன்" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

இதில் வெளிமாநிலத் தமிழர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெருமாட்டித் தமிழ்க் குடியானவன் வீட்டில் தமிழ் பேசுகிறான். பொள்ளாச்சியில் பெண் எடுக்கிறான். ஆனால் தண்ணீர் கேட்டுச் சாலையில் உட்காரும்போது கேரளத்துக்காரனாகத் தமிழ்நாட்டிடம் கேட்கிறான். மொழி ஒரு பக்கம் இழுக்கிறது, வயல் ஒரு பக்கம் இழுக்கிறது. ஓட்டு வயலோடு போகிறது. அவனுடைய தமிழ் இதனால் ஒரு குன்றிமணி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

பிளாச்சிமடைப் போராட்டமும் இதையே காட்டியது. கோக்கோ கோலா ஆலை 2000இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிற்று, கீழே போயிற்று என்று 2002 ஏப்ரல் 22இல் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் எரவாளர் பெண்கள். மயிலம்மா என்ற பெயர் உலகம் முழுவதும் போனது. தொடக்கத்தில் பெரிய கட்சிகள் ஒதுங்கித்தான் நின்றன. ஜனதா தளம் ஆண்ட பெருமாட்டி ஊராட்சி, தானே கொடுத்திருந்த உரிமத்தை 2003 ஏப்ரலில் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு 216.26 கோடி ரூபாய் சேதம் என்று மதிப்பிட்டது. 2011 பிப்ரவரியில் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய கதையில் ஒரு மத அமைப்பு முன்னால் நின்று ஓட்டைத் திருப்பியது என்று சொல்ல இடமில்லை. தண்ணீருக்கு எந்த வாசல் திறக்குமோ அந்த வாசலைத் தட்டினார்கள். ஊராட்சி அலுவலகம் அந்த வாசல்களில் ஒன்று.

கட்சிப் பெயரும் இப்படித்தான். தேவகௌடா தலைமையிலான மதச்சார்பற்ற ஜனதா தளம் 2023இல் பாரதிய ஜனதா கூட்டணிக்குப் போனது. கேரளத்து ஜனதா தளக்காரர்கள் போகவில்லை. இடதுசாரி முன்னணியிலேயே நின்றார்கள். பெயர்ப் பலகை ஒன்று, கடை வேறு.

மதம் ஓட்டாக மாறும் இடம்

அப்படியானால் மதம் எங்கே கணக்கில் வருகிறது? என் அனுபவத்திலும் வாசிப்பிலும் தெரிந்தது இது: மதம் ஒரு வாசலாக இருக்கிற இடத்தில் அது ஓட்டாகவும் மாறுகிறது. பள்ளிக்கூட இடம், நிலப்பட்டா, ஆபத்தில் பாதுகாப்பு, சபையில் மரியாதை இவையெல்லாம் மத அமைப்பு வழியாகத்தான் கிடைக்கும் என்றால், அந்த அமைப்பு கைகாட்டும் பக்கம் ஜனம் போகும். வேறு வாசல் திறந்தால் அங்கேயும் போகும்.

கேரளத்தில் 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. கல்விச் சட்டம் வந்தபோது கத்தோலிக்க சபையும் நாயர் சங்கமும் எதிர்த்துக் கிளம்பின. விமோசனப் போராட்டம் நடந்து 1959 ஜூலை 31இல் ஆட்சி கலைக்கப்பட்டது. அங்கே சண்டை வேதப் புத்தகத்துக்காக நடக்கவில்லை. பள்ளிக்கூடம் யார் கையில், வாத்தியாரை யார் நியமிப்பது என்பதற்காக நடந்தது. 1964இல் பிறந்த கேரளா காங்கிரஸை எல்லாரும் கிறிஸ்தவக் கட்சி என்பார்கள். அதைக் கோட்டயத்தில் தொடங்கிவைத்தவர் நாயர் சங்கத்தின் மன்னத்து பத்மநாபன். அந்தக் கட்சியின் ஜோஸ் கே. மாணி பிரிவு 2020இல் இடதுசாரி முன்னணிக்குப் போனது. முஸ்லிம் லீக்கும் 1967இல் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஏழு கட்சி ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில்தான், 1969இல், மலப்புறம் தனி மாவட்டமானது. மதத்தின் பெயரால் அறியப்பட்ட கட்சிகளே வாசல் பார்த்துத்தான் நடந்திருக்கின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது இடுக்கி மலைநாடு. 1961இல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து குடியேற்ற விவசாயிகளை வெளியேற்றி, நம் கம்பம்-கூடலூருக்கு மேலே உள்ள குமுளிக்கு அருகில் அமராவதியில் கொண்டுவந்து விட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் யார் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன்பு கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து நின்ற பாதிரியார் ஜோசப் வடக்கன். நிலம் போகிறது என்றதும் அவர்கள் ஒரே பந்தலில் சேர்ந்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து அதே மலையில் அதே கதை. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய காட்கில், கஸ்தூரிரங்கன் அறிக்கைகளால் நிலம் போய்விடுமோ என்ற பயம் 2013இல் பரவியது. சபையின் ஆதரவோடு மலைநாட்டுப் பாதுகாப்புக் குழு கிளம்பியது. வழக்கமாகக் காங்கிரஸ் பக்கம் சாயும் இடுக்கி மக்களவைத் தொகுதியில் 2014இல் இடதுசாரி ஆதரவு சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் 50,000 ஓட்டுக்கு மேல் வென்றார். 2019இல், அவரிடம் தோற்றிருந்த காங்கிரஸின் டீன் குரியாக்கோஸ் 1,71,000க்கு மேல் வித்தியாசத்தில் அவரை வென்றார். ஐந்து வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர்கள் மாறவில்லை. பயம் மாறியது, ஓட்டும் மாறியது.

வெளி உலகிலும் இதே பாடம்தான். அமெரிக்காவில் 1960இல் கத்தோலிக்கரான ஜான் கென்னடி நின்றபோது, கத்தோலிக்கர்களில் நூற்றுக்கு 78 பேர் அவருக்குப் போட்டதாகக் காலப் நிறுவனத்தின் கணிப்பு சொன்னது. அதுவரை ஒரு கத்தோலிக்கர் அதிபராக வந்ததில்லை. பூட்டிய கதவு அது. 2004இல் இன்னொரு கத்தோலிக்கரான ஜான் கெர்ரி நின்றபோது கத்தோலிக்கர்களில் பாதிக்கும் மேலானவர்கள் எதிர்த்து நின்ற புஷ்ஷுக்குப் போட்டார்கள். கதவு திறந்த பிறகு கூட்டமாக நின்று தள்ள வேண்டிய அவசியம் இல்லை.

தேயிலைத் தோட்டமும் ஒரு சாதிச் சான்றிதழும்

இடுக்கியிலேயே தமிழர் வாழும் தேவிகுளம் பக்கம் வருவோம். அங்கே வாசல் தொழிற்சங்கம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தவர். சபை கம்யூனிஸ்டுகளைக் கடுமையாக எதிர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எதிரே காங்கிரஸ் சார்பில் தொழிற்சங்கத் தலைவர் பி.கே. நாயர். தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடம் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் இசையமைப்பாளர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன். ரோசம்மா வென்றார். லயத்து வீட்டில் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றியவரும் அந்தோணியார் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றியவரும் எந்த வேட்பாளர் எந்தச் சர்ச் என்று பார்த்து அந்தத் தேர்தல் நடந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தச் சங்க வாசலே அடைத்துக்கொண்டபோது என்ன ஆயிற்று? 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸ் 20 விழுக்காடு கேட்டுத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் கம்பெனியையும் சங்கத் தலைவர்களையும் சேர்த்தே எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெண்பிளை ஒருமை' என்ற பெயரில் அவர்கள் அந்த வருஷ உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றார்கள். இந்துவும் கிறிஸ்தவரும் சேர்ந்த கூட்டம் அது.

ஆனால் இதே தேவிகுளத்தில் மதம் வேறொரு வழியாக உள்ளே வந்தது. ஓட்டுப் போடுகிறவர் மதத்தைக் கேட்காத இடத்தில் சட்டம் வேட்பாளரின் மதத்தைக் கேட்டது. தேவிகுளம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துக்கள்தான் அந்தப் பட்டியலில் வர முடியும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் சேர்க்கப்படவில்லை. 2021இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா 7,848 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தமிழில் பதவி ஏற்றார். அவர் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியது என்றும், அவர் கேரளத்துப் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றும் எதிர்வேட்பாளர் வழக்குப் போட்டார். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே 6இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, ராஜாவின் தேர்வு செல்லும் என்றது.

இந்த வழக்கை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதில் மதம் மட்டும் கேள்வியாக இருக்கவில்லை. பாட்டனார் எந்த வருஷம் திருநெல்வேலியிலிருந்து மலைக்கு வந்தார் என்பதும் கேள்வி. 1950 ஆணைக்குப் பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவருக்குச் சொந்த மாநிலத்துச் சாதிச் சலுகை போன இடத்தில் கிடைக்காது என்பது உச்ச நீதிமன்றம் 1990இல் உறுதிசெய்த நிலை. தாத்தாவின் எஸ்டேட் சீட்டு, பழைய பள்ளிப் பதிவேடு, ஞானஸ்நானப் புத்தகம், ரேஷன் கார்டு இவையெல்லாம் ஒருவர் தேர்தலில் நிற்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கின்றன. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதத்தை எலிக்குப் போடாதீர்கள்.

எண்ணிக்கையில் வராதவர் கணக்கு

எங்கள் சமணர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்குப்படி கேரளம் முழுவதும் சமணர் 4,489 பேர். தமிழ்நாட்டில் வட இந்திய ஜைனரையும் சேர்த்து 89,265. பாலக்காட்டு ஊர் ஓரத்தில் ஜைனிமேடு என்ற இடத்தில் பழைய ஜினாலயம் இருக்கிறது. 1907இல் குமாரன் ஆசான் 'வீணபூவு' என்ற மலையாளக் கவிதையை எழுதியது அந்த ஜைனிமேட்டில் தங்கியிருந்தபோதுதான். கவிதை இருக்கிறது, கோயில் இருக்கிறது, எங்கள் ஓட்டை எண்ணிக் கூட்டணி பேச வருவார் யாரும் இல்லை. 2014 ஜனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினர் என்ற அந்தஸ்து எங்களுக்குக் கிடைத்தது. அதனாலும் எண்ணிக்கை கூடிவிடவில்லை.

இருந்தும் ஒரு சமணர் கேரளத்தில் பெரிய தலைவராக இருந்தார். வயநாட்டு எம்.பி. வீரேந்திரகுமார். 1996லும் 2004லும் கோழிக்கோட்டிலிருந்து மக்களவைக்கு வென்றார். அந்தத் தொகுதியில் சமண ஓட்டை மட்டும் நம்பியிருந்தால் ஒரு சாவடிகூடத் தேறியிருக்காது. 2004 ஜனவரியில் பிளாச்சிமடைக்காகப் பாலக்காடு புதுசேரியில் நடந்த உலகத் தண்ணீர் மாநாட்டுக்கு முன்னின்றவரும் அவரே. அதே மனிதர் 2014இல் பாலக்காட்டு மக்களவைத் தொகுதியில் ஐக்கிய முன்னணி வேட்பாளராக நின்று ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்தபோதும் சமணர்தான், தோற்றபோதும் சமணர்தான். மாறியது முன்னணியும் ஊரும் காலமும்.

நம் சங்கங்கள் என்ன செய்யலாம்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவு, மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றின் பெயரால் ஓட்டுக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. 2017 ஜனவரி 2இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளர் மதம் மட்டுமின்றி வாக்காளர் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நாம் கவனிக்க வேண்டிய சொல் அந்தப் பட்டியலில் கடைசியாக இருக்கிறது: மொழி. "தமிழர் ஓட்டு தமிழருக்கே" என்று மேடையில் பேசுவது நம் காதுக்கு இனிக்கும். வென்றவருக்கு வழக்காக வந்து முடியும்.

அதற்காக மொழிக் கோரிக்கையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. கேரளத்தில் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்கிறது. தமிழ்வழிப் பள்ளியில் வாத்தியார் இல்லை, மனுவுக்கு மலையாளத்தில் மட்டும் பதில் வருகிறது, சாதிச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கிறது என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. எல்லாக் கட்சி வேட்பாளரையும் கூப்பிட்டு ஒரே தாளை எல்லார் கையிலும் கொடுக்கலாம். பதிலை எழுதி வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

சங்கம் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. "எங்க ஆளுங்க ஓட்டு இத்தனை ஆயிரம், இந்தக் கட்சிக்கு" என்று பேரம் பேசுவது. முதலாவது, அது பொய்க் கணக்கு. சங்கத்து உறுப்பினர் வீட்டுக்குள்ளேயே புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் போடுகிறார்கள். இரண்டாவது, ஒரே கட்சிக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கட்சிக்காரர் அடுத்த தடவை நம் தெருவுக்கு வரவே மாட்டார். மற்றவரும் வர மாட்டார். மொத்தமாகக் கடனுக்குக் கொடுத்த சரக்கு மாதிரி, பிறகு நாம்தான் வாசலில் போய் நிற்க வேண்டும். மூன்றாவது, நம் சங்கக் கூடத்தில் முருகனுக்கு விளக்கேற்றுபவரும் தொழுகைக்குப் போகிறவரும் சிலுவை போட்டவரும் என்னைப்போல் சூரியன் சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறவரும் ஒன்றாக உட்காருகிறோம். ஓட்டைப் பங்கு வைக்கத் தொடங்கினால் முதலில் இந்த ஜமுக்காளம்தான் கிழியும்.

பெருமாட்டியில் ஆழியாற்றுத் தண்ணீர், மலைநாட்டில் பட்டா, மூணாறில் போனஸ். மூன்று இடத்திலும் ஜனம் தேவையை முன்னால் வைத்தது; கட்சியைப் பின்னால் தேர்ந்தெடுத்தது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கும் அந்த வரிசைதான் நல்லது. கோரிக்கையைச் சங்கத்தின் பெயரில் எல்லாரும் சேர்ந்து கொடுப்போம். ஓட்டை அவரவர் மனசாட்சிப்படி தனித்தனியாகப் போய்ப் போட்டுவிட்டு வருவோம்.